ரூட் இல்லாமல் ஜிசிசி 10: “சஃபிக்ஸ் தெரியவில்லை” என்று நின்றுவிடுகிறது

கேள்வி, 3 மார்ச் 2021

எங்கள் துறையின் கிளஸ்டரில் சென்ட்ஓஎஸ் 7 ஓடுகிறது. அதில் இருக்கும் சி, சி++ கம்பைலர் ஜிசிசி 4.8.5. நான் ஓட்ட வேண்டிய சிமுலேஷன் நிரல் சி++17 கேட்கிறது. ரூட், அதாவது நிர்வாகி உரிமை, கிடையாது. அட்மினுக்கு மெயில் அனுப்பி மூன்று வாரம் ஆகிவிட்டது. நாமே கட்டிவிடலாம் என்று ஜிசிசிக்குத் தேவையான கணித லைப்ரரிகளான ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி மூன்றையும் என் ஹோம் ஃபோல்டரில் தனித்தனியாகக் கம்பைல் செய்தேன். மூன்றும் பிழையில்லாமல் முடிந்தன. பிறகு ஜிசிசி 10.2-க்கு அந்த மூன்றும் இருக்கும் இடத்தைக் காட்டி, கன்ஃபிகர் செய்து, மேக் கொடுத்தேன். அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, “கேனாட் கம்ப்யூட் சஃபிக்ஸ் ஆஃப் ஆப்ஜெக்ட் ஃபைல்ஸ்: கேனாட் கம்பைல்” என்று நின்றுவிட்டது. நான்கு முறை முதலிலிருந்து செய்தும் அதே இடம்தான். ரூட் இல்லாமல் கம்பைலரைக் கட்டவே முடியாது என்கிறார் லேப் சீனியர். உண்மைதானா?

பதில், 3 மார்ச் 2021, இரவு 10.40

உண்மையில்லை. கம்பைலர் என்பதும் ஒரு நிரல்தான். ஹோமில் எழுத இடம் இருந்தால், அங்கிருந்து எதையும் இயக்க அனுமதி இருந்தால் போதும்.

அந்த வரியின் கீழேயே “கன்ஃபிக்.லாக் கோப்பைப் பார்” என்று ஒரு வரி வந்திருக்குமே, பார்த்தீர்களா? மேலே இருக்கும் கன்ஃபிக்.லாக் அல்ல. பில்ட் ஃபோல்டருக்குள் எக்ஸ்86_64 என்று தொடங்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் லிப்ஜிசிசி, அதற்குள் இருக்கும் கன்ஃபிக்.லாக். ஜிசிசியின் மூல நிரலுக்குள் ஏகப்பட்ட கன்ஃபிகர் ஸ்கிரிப்ட்கள் உண்டு, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு லாக் எழுதும். எது நின்றதோ அதன் லாகைத் திறக்க வேண்டும். அதில் “சஃபிக்ஸ்” என்று தேடி, அதற்குக் கீழே வரும் இருபது வரிகளை இங்கே போடுங்கள்.

4 மார்ச் 2021, காலை 7.15

நினைத்தது சரி. நீங்கள் போட்ட வரிகளில் விஷயம் இருக்கிறது: “சிசி1: எர்ரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்: லிப்எம்பிசி.எஸ்ஓ.3”.

நடந்தது இதுதான். ஜிசிசி முதலில் பழைய 4.8.5-ஐ வைத்துத் தன்னையே ஒருமுறை கட்டிக்கொள்கிறது. அப்படிப் பிறந்த புது கம்பைலரிடம் இரண்டு வரி சி நிரலைக் கொடுத்து, வெளிவரும் கோப்பின் பெயர் ‘.ஓ’ என்று முடிகிறதா என்று பார்க்கிறது. அந்தச் சோதனையின் பெயர்தான் சஃபிக்ஸ். ஆனால் புது கம்பைலரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. அது எம்பிசியைக் கேட்கிறது. எம்பிசி உங்கள் ஹோமில் இருப்பது கர்னலுக்கும் தெரியாது, நிரல் கிளம்பும்போது லைப்ரரிகளைத் தேடி ஏற்றும் லோடருக்கும் தெரியாது. சஃபிக்ஸில் ஒரு கோளாறும் இல்லை. சத்தம் போட்டது சஃபிக்ஸ், விழுந்தது லைப்ரரி.

உடனடி வழி: உங்கள் லைப்ரரி ஃபோல்டரை, எங்கே தேட வேண்டும் என்று லோடருக்குச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறியில் சேர்த்துவிட்டு மறுபடியும் மேக் கொடுங்கள். விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

4 மார்ச் 2021, மதியம்

காலையில் சொன்னதைத் திருத்துகிறேன். அவசரமாக எழுதிவிட்டேன்.

எல்டி_லைப்ரரி_பாத் வைத்தால் இன்றைக்கு மேக் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கம்பைலர் வாழ்நாள் முழுக்க அந்த மாறியை நம்பியே இருக்கும். நீங்கள் லாகின் செய்த ஜன்னலில் வேலை செய்யும், இரவில் வரிசையில் போட்ட ஜாப் வேறொரு நோடில், அதாவது கிளஸ்டரின் இன்னொரு கணினியில், தொடங்கும்போது அங்கே அந்த மாறி இருக்கும் என்று உறுதி இல்லை. காலையில் வந்து பார்த்தால் வெளியீட்டுக் கோப்பில் இதே லிப்எம்பிசி வரி மட்டும் இருக்கும். எனக்கு அப்படி ஒரு வாரக் கணக்கு போயிருக்கிறது.

சரியான வழி, மூன்று லைப்ரரிகளையும் தனியாகக் கட்டாமல் இருப்பது. ஜிசிசி மூலத்தின் உள்ளே கான்ட்ரிப் என்ற ஃபோல்டரில் ‘டவுன்லோட்_ப்ரீரெக்விசிட்ஸ்’ என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருக்கிறது. மூலத்தின் மேல் ஃபோல்டரில் நின்று அதை இயக்கினால் ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி, கூடவே ஐஎஸ்எல், எல்லாவற்றையும் ஜிசிசிக்குப் பொருந்தும் பதிப்பாகப் பார்த்து இறக்கி உள்ளேயே வைத்துவிடும். பிறகு கட்டும்போது அவை கம்பைலருக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். வெளியே தேட வேண்டிய தேவையே வராது.

அப்புறம் கன்ஃபிகர். மூலத்தின் உள்ளே நின்று கன்ஃபிகர் செய்யாதீர்கள், ஜிசிசி அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் காலியாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் போய்:

../ஜிசிசி-10.2.0/கன்ஃபிகர் --ப்ரிஃபிக்ஸ்=$ஹோம்/ஜிசிசி10 --டிஸேபிள்-மல்டிலிப் --எனேபிள்-லாங்குவேஜஸ்=சி,சி++

டிஸேபிள்-மல்டிலிப் ஏன்? இல்லாவிட்டால் 32 பிட் லைப்ரரிகளையும் சேர்த்துக் கட்டப் பார்க்கும். கிளஸ்டரில் 32 பிட் ஹெட்டர்கள் பெரும்பாலும் இருக்காது. ‘ஸ்டப்ஸ்-32’ என்ற ஹெட்டர் இல்லை என்று அது தனியாக ஒரு இடத்தில் நிற்கும்.

நான்கு முறை கட்டிய பழைய பில்ட் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டுத் தொடங்குங்கள். அரைகுறையாகக் கன்ஃபிகர் ஆன ஃபோல்டரில் மறுபடி கன்ஃபிகர் செய்தால் பழைய முடிவுகளை ஞாபகம் வைத்துக்கொண்டு நம்மை ஏமாற்றும்.

5 மார்ச் 2021

கேட்டவர் கட்டிக்கொண்டிருக்கட்டும். அதற்குள் இன்னொருவர், ஸீலிப் என்ற தரவு சுருக்கும் லைப்ரரியைப் பற்றி, “ஸீலிப்.ஹெச் இல்லை என்று சொல்கிறது, ஆனால் லிப்ஸீ சிஸ்டத்தில் இருக்கிறதே, கண்ணால் பார்க்கிறேனே” என்று கேட்டிருக்கிறார். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் ரூட் இல்லாதவர்களின் பிழைகளில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

ஒரு லைப்ரரியை மூன்று பேர், மூன்று வேளையில், மூன்று இடத்தில் தேடுகிறார்கள். கம்பைல் ஆகும்போது கம்பைலர் ஹெட்டரைத் தேடுகிறது. இணைக்கும்போது லிங்க்கர் ‘.எஸ்ஓ’ அல்லது ‘.ஏ’ கோப்பைத் தேடுகிறது. இயங்கும்போது லோடர் ‘.எஸ்ஓ.1’ போல எண் போட்ட கோப்பைத் தேடுகிறது. ஒருவருக்குக் காட்டிய வழி அடுத்தவருக்குத் தெரியாது. கம்பைலருக்கு ஹைஃபன் பெரிய ஐ, லிங்க்கருக்கு ஹைஃபன் பெரிய எல், லோடருக்கு எல்டி_லைப்ரரி_பாத் அல்லது நிரலுக்குள்ளேயே எழுதி வைக்கும் ஆர்பாத். முதல் இரண்டைக் கொடுத்துவிட்டு மூன்றாவதை மறப்பதுதான் எல்லோருக்கும் நடப்பது. இந்த இழையின் முதல் கேள்வியே அதுதான்.

அதனால் பிழை வந்ததும் என்ன பிழை என்று கேட்பதற்கு முன்னால் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். “ஃபேட்டல் எர்ரர், நோ சச் ஃபைல்” என்று ஹெட்டர் பெயரோடு வந்தால் கம்பைலர் பேசுகிறது. “கேனாட் ஃபைண்ட் -எல்ஸீ” என்றோ “அன்டிஃபைண்டு ரெஃபரன்ஸ்” என்றோ வந்தால் லிங்க்கர். “எர்ரர் வைல் லோடிங்” என்றால் லோடர். ஆளைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

சிஸ்டத்தில் ஒரு நிரல் ஓட மூன்றாவது கோப்பு மட்டும் போதும். அதனால் அட்மின் அதை மட்டும் நிறுவியிருப்பார். ஹெட்டரும் எண் போடாத .எஸ்ஓவும் ‘டெவல்’ என்று முடியும் தனிப் பேக்கேஜில் வரும். நீங்கள் கண்ணால் பார்த்தது லிப்ஸீ.எஸ்ஓ.1 ஆக இருக்கும்.

குறுக்கு வழி ஒன்று உண்டு. ஹோமில் லிப் ஃபோல்டர் ஒன்றில் லிப்ஸீ.எஸ்ஓ என்ற பெயரில், சிஸ்டத்தின் லிப்ஸீ.எஸ்ஓ.1-ஐச் சுட்டும் ஒரு சிம்லிங்க் போடலாம். ஹெட்டரை ஸீலிப் மூலத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

6 மார்ச் 2021

நேற்றைய குறுக்கு வழியைப் பற்றி இரவெல்லாம் உறுத்தலாக இருந்தது. ஹெட்டர் ஒரு பதிப்பு, .எஸ்ஓ இன்னொரு பதிப்பு என்று ஆகிவிட்டால் கம்பைலும் ஆகும், இணையவும் செய்யும், ஓடும்போது தப்பான விடை தரும். சிமுலேஷன் ஓட்டுகிறவர்களுக்கு இது பிழைச் செய்தியைவிடக் கெட்டது.

இதைவிட நல்ல வழி: யம்டவுன்லோடர் என்ற கட்டளை ரூட் இல்லாமலே ஆர்பிஎம் என்ற பேக்கேஜ் கோப்பை இறக்கித் தரும். நிறுவத்தான் ரூட் வேண்டும், இறக்க வேண்டாம். இறக்கிய டெவல் ஆர்பிஎம்மை ஆர்பிஎம்2சிபிஐஓ வழியாகச் சிபிஐஓவுக்கு அனுப்பினால் ஹோமிலேயே யூஎஸ்ஆர் என்ற ஃபோல்டராக விரிந்துவிடும். சிஸ்டத்தில் இருக்கும் அதே பதிப்பின் ஹெட்டர். டெபியன், உபுண்டு என்றால் ‘ஆப்ட்-கெட் டவுன்லோட்’, பிறகு ‘டிபிகேஜி -எக்ஸ்’. அதுவும் ரூட் கேட்காது.

ஒன்று கவனிக்க வேண்டும். டெவல் பேக்கேஜுக்குள் இருக்கும் லிப்ஸீ.எஸ்ஓ ஒரு சிம்லிங்க் மட்டுமே. பக்கத்திலேயே உண்மையான கோப்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சுட்டும், ஹோமில் விரித்த பிறகு அது ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டும். அதை மட்டும் சிஸ்டத்தின் கோப்பைச் சுட்டுமாறு மாற்றுங்கள்.

6 மார்ச் 2021, மாலை

கேட்டவரிடமிருந்து செய்தி. இப்போது வேறு இடத்தில் நிற்கிறதாம்: “லைப்ரரி_பாத் ஷுட்ன்ட் கன்டெய்ன் தி கரண்ட் டைரக்டரி”. “நான் கரண்ட் டைரக்டரியைச் சேர்க்கவே இல்லை” என்கிறார்.

சேர்த்திருக்கிறீர்கள், தெரியாமல். ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் “லைப்ரரி_பாத்=$ஹோம்/லிப்:$லைப்ரரி_பாத்” என்று எழுதியிருப்பீர்கள். பழைய மதிப்பு காலியாக இருந்தால் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி தொங்கிக்கொண்டு நிற்கும். முக்காற்புள்ளிக்குப் பின்னால் ஒன்றும் இல்லையென்றால் ‘இப்போது நிற்கும் ஃபோல்டர்’ என்று அர்த்தம். எல்டி_லைப்ரரி_பாத்துக்கும் இதே கதைதான். கட்டுவதற்கு முன் இரண்டையும் அன்செட் செய்துவிடுங்கள். ஜிசிசி 10-ஐக் கட்ட அவை இரண்டுமே தேவையில்லை.

9 மார்ச் 2021

கட்டி முடிந்ததாம். ஆறு நாள். மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

நிறுவிய பிறகும் ‘ஜிசிசி --வெர்ஷன்’ 4.8.5 என்றே காட்டுகிறது என்று பதறியிருக்கிறார். பாத்தில் புது பின் ஃபோல்டரை முன்னால் போட்டாயிற்று என்றால், ‘ஹாஷ் -ஆர்’ என்று ஒரு முறை அடியுங்கள். ஒரு கட்டளையை முதல்முறை எங்கே கண்டதோ அதை பாஷ் ஞாபகம் வைத்திருக்கும்.

11 மார்ச் 2021

இனிமேல் எழுதுவது புதிதாக வருகிறவர்களுக்காக. எல்டி_லைப்ரரி_பாத்தைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று ஒருவர் கேட்டதால், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஆராய்ச்சியின் இரண்டாம் ஆண்டு. யாரோ கட்டிக் கொடுத்த ஒரு நிரல், இயக்கினால் “ஜிலிப்சி இன்ன பதிப்பு இல்லை” என்றது. பெரும்பாலும் எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரிதான் ஜிலிப்சி; சென்ட்ஓஎஸ் 7-இல் அது 2.17. சரி, ஜிசிசியையே கட்டிவிட்டோம், ஜிலிப்சி என்ன பெரிய விஷயம் என்று புதிய பதிப்பை மூலத்திலிருந்து கட்டி, ஹோமில் வைத்து, அந்த லிப் ஃபோல்டரை பாஷ்ஆர்சியில் எல்டி_லைப்ரரி_பாத்தில் போட்டேன். லாகின் செய்தேன். எல்எஸ் அடித்தேன். “செக்மென்டேஷன் ஃபால்ட்”. கேட், விஐ, எம்வி, ஆர்எம், எதை அடித்தாலும் அதே இரண்டு சொல். விண்டோஸ் கணினியிலிருந்து எஸ்எஃப்டிபியில் நுழைந்து பாஷ்ஆர்சியை மாற்றப் பார்த்தேன், இணைப்பு உடனே அறுந்தது. ஏனென்றால் எஸ்எஃப்டிபி சர்வரும் அதே பாஷ்ஆர்சியைப் படித்த ஷெல் வழியாகத்தான் கிளம்புகிறது.

காரணம் எளியது. ஒவ்வொரு நிரலுக்குள்ளும் லோடரின் முகவரி எழுதப்பட்டிருக்கும், அது சிஸ்டத்தின் பழைய லோடர். அது 2.17 காலத்து ஆள். அவரிடம் புது லிப்சியைத் தூக்கிக் கொடுத்தால் இருவருக்குள்ளும் இருக்கும் அந்தரங்க ஏற்பாடுகள் பொருந்தாது. ஜிலிப்சியும் லோடரும் ஒரே பதிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

அன்றைக்கு இரவு பத்து மணிக்குப் பக்கத்து மேசை அண்ணன் வந்து ஸ்கிரீனைப் பார்த்தார். “எக்கோ அடி” என்றார். எக்கோ வேலை செய்தது! “எக்கோ நட்சத்திரக்குறி” என்றார். ஃபோல்டரில் உள்ள கோப்புகள் வரிசையாக வந்தன. எக்கோ, சிடி, அன்செட் இவையெல்லாம் பாஷுக்குள்ளேயே இருப்பவை, வெளியிலிருந்து எதையும் ஏற்ற வேண்டியதில்லை. “இப்ப அன்செட் பண்ணு” என்றார். அன்செட் எல்டி_லைப்ரரி_பாத். எல்எஸ் வந்தது. விஐ வந்தது. பாஷ்ஆர்சியில் அந்த வரியை அழித்தேன். அந்த அண்ணன் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். எக்கோ அடிக்கும் ஒவ்வொரு முறையும் அவர் ஞாபகம் வருகிறது.

12 மார்ச் 2021

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. ஜிலிப்சி, ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ், இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். பலர் குழம்புகிறார்கள்.

“ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.20 இல்லை” என்றால் சி++ லைப்ரரி பழசு. இது நம் கையில் உள்ள விஷயம். 3.4.19 வரைதான் 4.8.5-இல் உண்டு, 3.4.20 ஜிசிசி 4.9-உடன் வந்தது, 3.4.21 ஜிசிசி 5-உடன். உங்கள் புது ஜிசிசியோடு புது லிப்எஸ்டிடிசி++ வந்திருக்கிறது. நிரலை இணைக்கும்போதே ‘-டபிள்யூஎல்,-ஆர்பாத்,$ஹோம்/ஜிசிசி10/லிப்64’ என்று கொடுத்துவிட்டால் எங்கே தேட வேண்டும் என்பது நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். இரவில் எந்த நோடில் ஓடினாலும் கண்டுபிடிக்கும். லிப்64 என்பதைக் கவனியுங்கள். லிப் என்று எழுதிவிட்டு அரை நாள் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

எக்ஸ்எக்ஸ் இல்லாமல் வெறும் “ஜிலிப்சி_2.28 இல்லை” என்றால் அது வேறு. அந்த நிரலை மூலத்திலிருந்து உங்கள் இயந்திரத்திலேயே கட்டுங்கள். மூலம் கிடைக்காவிட்டால் சிங்குலாரிட்டி போன்ற கன்டெய்னர் இருக்கிறதா என்று அட்மினிடம் கேளுங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

12 மார்ச் 2021, சிறிது நேரம் கழித்து

இன்னொன்று விட்டுப்போயிற்று. “அன்டிஃபைண்டு ரெஃபரன்ஸ்” வரியில் ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்ற சொல் தெரிந்தால், உங்கள் நிரலைப் புது கம்பைலரிலும் அது நம்பியிருக்கும் சி++ லைப்ரரியைப் பழைய கம்பைலரிலும் கட்டியிருக்கிறீர்கள். ஜிசிசி 5-இல் சி++ ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பே மாறிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே கம்பைலரில் மறுபடி கட்டுவதுதான் வழி.

20 மார்ச் 2021

பைத்தான் கட்டுகிறவர் ஒருவர் கேட்டது. கட்டி முடிந்தது, ஆனால் சிடைப்ஸ் மாட்யூல் இல்லை என்கிறது. அதற்குத் தேவையான லிப்எஃப்எஃப்ஐ லைப்ரரியை ஹோமில் நிறுவியிருக்கிறார், வழியும் காட்டியிருக்கிறார்.

நான் மேலே சொன்ன அதே லிப்64 தான். லிப்எஃப்எஃப்ஐ தன் லைப்ரரியை லிப்பில் வைக்காமல் லிப்64-இல் வைத்துவிடும், வழி லிப்புக்குக் காட்டியிருக்கும். பைத்தான் இதற்காகக் கட்டுவதை நிறுத்தாது. கடைசியில் “தேவையானவை கிடைக்கவில்லை” என்று சில மாட்யூல்களின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வெற்றிகரமாக முடிந்தது போலப் போய்விடும். மேக் முடிந்ததும் கடைசி முப்பது வரிகளைப் படிக்காமல் நிறுவாதீர்கள்.

2 ஏப்ரல் 2021

“கேனாட் ரன் சி கம்பைல்டு ப்ரோகிராம்ஸ்.” இது வந்தால் கூடவே ‘கிராஸ் கம்பைல் செய்வதாக இருந்தால் ஹோஸ்ட் கொடு’ என்று ஒரு யோசனையும் வரும். அந்த யோசனையைக் கேட்டு ஹோஸ்ட் கொடுத்தவர்கள் இன்னும் ஆழமாக மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் கிராஸ் கம்பைல் செய்யவில்லை. கட்டிய சின்ன நிரல் ஏன் ஓடவில்லை என்று கன்ஃபிக்.லாகில் பாருங்கள்.

லோடர் பிரச்சினை என்றால் மேலே சொன்னாயிற்று. “பெர்மிஷன் டினைடு” என்றிருந்தால் எங்கே நின்று கட்டுகிறீர்கள் என்று பாருங்கள். ஹோமில் கோட்டா, அதாவது நமக்கு ஒதுக்கிய இடம், குறைவு என்று டிஎம்பி என்ற தற்காலிக ஃபோல்டரில் வைத்துக் கட்டுவோம். சில கிளஸ்டர்களில் டிஎம்பி நோஎக்ஸெக் என்று மவுன்ட் ஆகியிருக்கும், அங்கிருந்து எந்த நிரலையும் இயக்க முடியாது. சிஎச்மாட் எத்தனை முறை அடித்தாலும் பயனில்லை. ‘மவுன்ட்’ என்று வெறுமனே அடித்து டிஎம்பி வரியைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

3 ஏப்ரல் 2021

“இன்டர்னல் கம்பைலர் எர்ரர்: கில்டு”. கம்பைலரில் பிழை இல்லை. நினைவகம் தீர்ந்து கர்னல் கொன்றிருக்கிறது. லாகின் நோடில் மேக் -ஜே32 (ஒரே நேரத்தில் 32 வேலை) கொடுத்தால் இதுதான் நடக்கும், பக்கத்தில் இருப்பவர்களின் வேலையும் கெடும். -ஜே4 போதும். அல்லது ஒரு கம்ப்யூட் நோடை வாங்கிக்கொண்டு அங்கே கட்டுங்கள்.

அப்புறம் -ஜே கொடுத்துக் கட்டினால் பிழை வரிகள் கலந்துவிடும். கடைசி வரியில் தெரிவது பிழையே அல்ல, பிழைக்குப் பிறகு மற்றவை நின்ற சத்தம். நின்றதும் -ஜே இல்லாமல் ஒரு முறை மேக் கொடுங்கள், முதல் பிழை கடைசியில் வந்து நிற்கும்.

18 ஏப்ரல் 2021

இதை எல்லோரும் படித்துவிடுங்கள், தயவுசெய்து.

கன்ஃபிகருக்குப் பதிலாகச் சில நிரல்கள் பயன்படுத்தும் சிமேக்கில் ‘-டிசிமேக்_இன்ஸ்டால்_ப்ரிஃபிக்ஸ்=~/லோக்கல்’ என்று எழுதினால் பாஷ் அந்த ~ குறியை ஹோமாக மாற்றாது. வார்த்தையின் தொடக்கத்தில் இருந்தால்தான் மாற்றும். ஆட்டோகான்ஃபின் கன்ஃபிகர் இதற்கு முழுப்பாதை வேண்டும் என்று சொல்லி நின்றுவிடும். சிமேக் நிற்காது. பில்ட் ஃபோல்டருக்குள் ‘~’ என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதற்குள் நிறுவிவிடும்.

ஆபத்து இனிமேல்தான். எல்எஸ் அடித்தால் ~ என்று ஒரு ஃபோல்டர் தெரியும். இது என்ன குப்பை என்று ‘ஆர்எம் -ஆர்எஃப் ~’ அடித்தால் இப்போது பாஷ் சமர்த்தாக அதை ஹோமாக மாற்றும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் ஹோமில் பாதி இப்படிப் போனது. நான்கு மாதக் கணக்குகள். கோட்டா பிரச்சினையால் தரவு வேறு டிஸ்க்கில் இருந்ததால் மிச்சம் பிழைத்தது. அழிக்க வேண்டுமானால் ‘./~’ என்று புள்ளி, சாய்கோடு சேர்த்து எழுதுங்கள். முதலிலேயே $ஹோம் என்று எழுதிப் பழகிவிட்டால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

7 மே 2021

இத்தனை எழுதிய பிறகு தோன்றுகிறது, முதல் பதிலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. ‘மாட்யூல் அவைல்’ அடித்துப் பார்த்தீர்களா? நிறைய கிளஸ்டர்களில் புதிய ஜிசிசி ஏற்கெனவே இருக்கும், ஏற்றிக்கொண்டால் போதும். சென்ட்ஓஎஸ் 7 என்றால் புதிய ஜிசிசி அடங்கிய டெவ்டூல்செட் இருக்கிறதா என்று ‘எஸ்சிஎல் -எல்’ காட்டும். ஐந்து நிமிட வேலை.

அதுவும் இல்லையென்றால் நிரல்களை நிறுவித் தரும் கருவிகளான ஸ்பேக், ஈஸிபில்ட், கான்டா மூன்றும் ரூட் இல்லாமல் ஓடும். “இவை இருக்கும்போது கையால் கட்டுவது எதற்கு?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நானே இப்போது ஸ்பேக்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் ஸ்பேக்கும் உள்ளே இதே கன்ஃபிகர், இதே மேக்தான் ஓட்டுகிறது. அது நிற்கும்போது காட்டுவதும் ஒரு கன்ஃபிக்.லாக்தான். யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தவருக்கு அங்கேயும் வழி தெரியும். கான்டா கம்பைலரை ஏற்றியிருந்தால் மட்டும் கவனம்: அது சிஸ்டத்தின் லைப்ரரிகளைப் பார்க்காது, தன்னுடைய உலகத்துக்குள்ளேயே தேடும். சிஸ்டம் லைப்ரரியோடு இணைக்க வேண்டிய நாளில் கான்டாவை டிஆக்டிவேட் செய்துவிடுங்கள்.

29 மே 2021

முதலில் கேட்டவரே மறுபடி. லாகின் நோடில் ஓடும் நிரல் ஜாபாகப் போட்டால் “இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்” என்று சாகிறது.

‘-மார்ச்=நேட்டிவ்’ கொடுத்துக் கட்டியிருக்கிறீர்களா? கொடுத்தால் கட்டுகிற இயந்திரத்தின் ப்ராசஸருக்கே உரிய கட்டளைகளை கம்பைலர் எழுதிவிடும். லாகின் நோட் புதுசு, கம்ப்யூட் நோட் பழசு என்றால் அங்கே அந்தக் கட்டளையே கிடையாது. கம்ப்யூட் நோடில் போய்க் கட்டுங்கள்.

30 மே 2021

அதுதானாம். ஓடுகிறது.

14 ஜூலை 2024

மூன்று ஆண்டு கழித்து ஒரு திருத்தம். 6 மார்ச் 2021 குறிப்பில் சொன்ன யம்டவுன்லோடர் இப்போது சென்ட்ஓஎஸ் 7-இல் மிரர் பட்டியல் கிடைக்கவில்லை என்று நிற்கும். 2024 ஜூன் 30-உடன் சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவு முடிந்துவிட்டது. பேக்கேஜ்கள் அழியவில்லை, வால்ட் என்ற சென்ட்ஓஎஸ் காப்பகத் தளத்தில் இருக்கின்றன. அங்கிருந்து ஆர்பிஎம்மை நேராக இறக்கி, மீதியை அந்தக் குறிப்பில் சொன்னபடியே செய்யுங்கள். இன்னும் எத்தனையோ லேப்களில் சென்ட்ஓஎஸ் 7 ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கேட்டவர் இப்போது பட்டம் முடித்துக் கிளம்புகிறாராம். அவர் ஹோமில் இருக்கும் ஜிசிசி 10-ஐத்தான் ஜூனியர்கள் நான்கு பேர் பயன்படுத்துகிறார்கள், கணக்கு மூடப்பட்டால் போய்விடும், எப்படிக் கட்டினேன் என்று ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை என்று வருந்தினார். ‘ஜிசிசி -வி’ அடிக்கச் சொன்னேன். அதில் ‘கன்ஃபிகர்டு வித்’ என்று தொடங்கும் வரியில் அன்றைக்கு அவர் கொடுத்த விருப்பங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன: ப்ரிஃபிக்ஸ், டிஸேபிள்-மல்டிலிப், சி, சி++. ப்ரிஃபிக்ஸை மட்டும் மாற்றி ஜூனியர் ஒருவர் நேற்று இரவு மேக் கொடுத்திருக்கிறார்.